அதுவும் பேறுதான்: வாசகர் கேள்வி பதில்

கருவிலோ, பிறந்த சில நாட்களிலோ பிள்ளையை இழந்த குடும்பங்கள் பற்றிக் குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்கள் இவை. எழுதியவர்களின் பெயரை விட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம். மகப்பேறு மருத்துவரும் செவிலியரும் மனநல ஆலோசகரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: என் மருமகளுக்கு எட்டாம் மாதத்தில் பிள்ளை இறந்து பிறந்தது. மூன்றாம் நாள் பால் கட்டி, மார்பு கல் மாதிரி ஆகிவிட்டது. துணியால் இறுக்கிக் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா? பிள்ளை இல்லாத பேறுக்கு வேது வைத்து, அதாவது மூலிகை போட்டுக் காய்ச்சிய வெந்நீரில், குளிப்பாட்டுவதும் பேறுகால மருந்தும் எதற்கு என்றும் பேசுகிறார்கள். (அருமனை)

பதில்: இறுக்கிக் கட்ட வேண்டாம் அம்மா. இறுக்கினால் பால் வற்றாது. நாளங்கள் அடைத்துக்கொண்டு, வலி கூடி, சீழ் பிடிக்கும் வரை போகலாம். அளவான, தாங்கிப் பிடிக்கிற உள்ளாடையை இரவிலும் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைத்து எடுங்கள். ஒரு நாளில் நாலைந்து தடவை செய்யலாம். வெந்நீர் ஒத்தடம் பாலை இன்னும் சுரக்க வைக்கும், குளிக்கும்போதும் மார்பில் சூடான தண்ணீரை ஊற்ற வேண்டாம். தாங்க முடியாத இறுக்கம் என்றால் விண்விண் என்ற வலி குறையும் அளவுக்கு மட்டும் கையால் கொஞ்சம் பீய்ச்சலாம். முழுக்க எடுத்துவிட்டால் உடம்பு பிள்ளை குடிப்பதாக எடுத்துக்கொண்டு மறுபடி சுரக்கும். தண்ணீரைக் குறைத்தால் பால் குறையும் என்பது சரியல்ல, தாகத்துக்குக் குடிக்கட்டும். வலிக்குப் பாரசிட்டமால் 500 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒன்று போதும். ஒன்றிரண்டு வாரத்தில் வற்றிவிடும்.

மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டும் வழக்கம் நம் பக்கத்தில் பழையது. அதை மூடநம்பிக்கை என்று தள்ள வேண்டாம். 1988-ல் வெளியான வேலூர் ஆய்வொன்றில், பால் வற்றுவதற்கான மாத்திரையோடு ஒப்பிட்டபோது மல்லிகைச் சரமும் பலன் தந்தது தெரிந்தது. தோவாளைச் சந்தையில் பிச்சிப்பூவும் கிடைக்கும், ஆனால் ஆய்வில் பயன்படுத்தியது குண்டு மல்லி. தொடுத்த சரத்தை மார்பின் மேல் படும்படி லேசாக ஒட்டிவைத்து, தினமும் புதுச் சரம் மாற்ற வேண்டும். தோல் அரித்தால் எடுத்துவிடுங்கள்.

ஆஸ்பத்திரியிலேயே கேட்டால் முதல் நாளில் பால் சுரக்காமலிருக்க கேபர்கோலின் 1 மில்லிகிராம் ஒரே வேளையாகக் கொடுப்பது உண்டு. ஆனால் கர்ப்பத்தில் பிரஷர் ஏறியிருந்தவர்களுக்கு அது ஆகாது. பழைய சீட்டை வைத்துக் கடையில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். 16 வாரம் தாண்டிய கர்ப்பம் கலைந்தாலும் பால் வரலாம். இதை முன்கூட்டியே யாரும் சொல்லாததால்தான் பல பெண்கள் குளியலறையில் தனியாக நின்று அதிர்ந்து போகிறார்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். பிள்ளை உயிரோடு இல்லையே தவிர, நடந்தது பேறு. கருப்பை சுருங்க ஆறு வாரம் ஆகும், தையல் இருந்தால் அது ஆற வேண்டும், இழந்த இரத்தம் ஊற வேண்டும். மார்பில் மட்டும் சூடு படாதபடி வேதுக் குளியலும் நல்ல சாப்பாடும் ஓய்வும் அவளுக்குக் கட்டாயம் வேண்டும், இன்னும் ஒரு பங்கு கூடுதலாகவே. பால் சுரக்கட்டும் என்று செய்யும் சுறாப் புட்டை மட்டும் இப்போது விட்டுவிடுங்கள், அதைப் பார்த்தாலே மனது உடையும். வேறு மீன், முட்டை, சிறுபயறு, கீரை, சம்பா அரிசிக் கஞ்சி எல்லாம் கொடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தக் கூடாது.

ஒரு மணி நேரத்தில் இரண்டு பேட் நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே போனால், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், நாற்றமடிக்கும் கசிவு, மார்பில் சிவந்த திட்டு, காலில் ஒரு பக்கம் மட்டும் வீக்கம், விடாத தலைவலி, கண் மங்கல் இவற்றில் ஒன்று வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். மருமகளின் இரத்தம் நெகட்டிவ் வகை என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட்டார்களா என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள். அடுத்த பிள்ளையைக் காப்பாற்றுவது அந்த ஊசி. துக்கத்தின் பரபரப்பில் விட்டுப்போக வாய்ப்புள்ளது அதுதான்.

கேள்வி: தம்பி பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்குகடல் படகில் போயிருக்கிறான். அவன் மனைவிக்கு ஆண் பிள்ளை பிறந்து ஆறு மணி நேரத்தில் இறந்துவிட்டது. பெரியவர்கள் சொன்னபடி அன்றைக்கே அடக்கம் செய்துவிட்டோம். அவனுக்கு இன்னும் தெரியாது. பிள்ளை முகத்தை அவன் பார்க்கவே இல்லை. அவனுக்குக் காட்ட என்ன இருக்கிறது? (வள்ளவிளை)

பதில்: முதலில் சொல்லும் விதம். ஒயர்லெஸ்ஸில் சொல்லாதீர்கள், பக்கத்துப் படகுகள் எல்லாம் கேட்கும். படகில் சாட்டிலைட் போன் இருந்தால் அதில் நேரடியாகப் பேசுங்கள். இல்லையென்றால் கரை நெருங்கி செல்போன் சிக்னல் கிடைத்ததும் குடும்பத்தில் ஒருவரே சொல்லட்டும். துறைமுகத்தில் இறங்கிய இடத்தில் மூன்றாம் ஆள் வாயால் அவன் கேட்கக் கூடாது. "பிள்ளைக்குக் கொஞ்சம் முடியல" என்று பாதி சொல்லி வைத்தால் வரும் வழியெல்லாம் நம்பிக்கையோடு வருவான். "மகன் பிறந்தான், ஆறு மணி நேரம் இருந்தான், இறந்துட்டான், அவள் நல்லா இருக்கா" என்று நாலு வாக்கியத்தில் முழுசாகச் சொல்லிவிடுங்கள்.

இனி அவனுக்குக் காட்ட இருப்பவை. கையில் கட்டிய அடையாளப் பட்டை, சுற்றியிருந்த துணி இருந்தால் துவைக்காமல் எடுத்து வையுங்கள். பிறந்த நேரம், எடை, நீளம் ஆஸ்பத்திரிக் குறிப்பில் இருக்கும், நகல் கேளுங்கள். பிறந்த பிள்ளையின் பாத ரேகையைக் குறிப்பேட்டில் பதிக்கும் ஆஸ்பத்திரிகள் உண்டு. அதையும் போட்டோ எடுத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். ஸ்கேன் படங்கள் சூட்டில் அச்சாகும் தாளில் வருபவை, தானாகவே மங்கிவிடும். இன்றைக்கே நகல் எடுங்கள். லேமினேட் செய்ய மட்டும் கொடுத்துவிடாதீர்கள், அந்தச் சூட்டில் படம் முழுக்கக் கறுத்துப் போகும்.

உயிரோடு பிறந்த பிள்ளை ஒரு நிமிடம் இருந்தாலும் பிறப்பு, இறப்பு இரண்டையும் பதிய வேண்டும். 21 நாட்களுக்குள் பதிய கட்டணம் கிடையாது. ஆஸ்பத்திரிப் பிரசவம் என்றால் அவர்களே தகவல் அனுப்புவார்கள், அனுப்பினார்களா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். தம்பியும் மனைவியும் பெயர் வைக்க விரும்பினால் பிறப்புப் பதிவில் ஒரு வருடத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். மகனின் பெயரும் அப்பா பெயரும் ஒரே தாளில் இருக்கும் அரசுச் சான்று அது. 28 வாரம் நிறைந்து இறந்தே பிறந்த பிள்ளைக்கும் சட்டம் தனிப் படிவத்தில் பதிவு கேட்கிறது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக: அடக்கத்துக்கு அவசரப்பட வேண்டாம். சவக்கிடங்கின் குளிரில் ஒன்றிரண்டு நாள் வைக்க முடியும், கேட்டால்தான் கிடைக்கும். பார்க்க வேண்டுமா, கையில் வாங்க வேண்டுமா என்பதைத் தாயிடமே கேளுங்கள், "பார்த்தால் தாங்கமாட்டாள்" என்று அவளுக்காக வேறு யாரும் முடிவெடுக்கக் கூடாது. வேண்டாம் என்றால் வற்புறுத்தாமல், சில மணி நேரம் கழித்து இன்னொரு தடவை மட்டும் கேளுங்கள். வயிற்றிலேயே இறந்த பிள்ளையின் தோல் உரிந்திருக்கலாம், உதடு கறுத்திருக்கலாம். கொடுக்கும் முன்னாலேயே செவிலியர் அதைச் சொல்லிவிட வேண்டும்.

பாத ரேகை எடுக்க, கைநாட்டு வைக்கும் சாதாரண மை பேட் போதும். பாதத்தை ஈரத்துணியால் துடைத்து நன்றாக உலர்த்துங்கள், பிறந்த பிள்ளையின் தோலில் இருக்கும் வெள்ளை மாவு ஒட்டியிருந்தால் மை பிடிக்காது. பேடைப் பாதத்தில் லேசாக ஒற்றி மை தடவியபின், கெட்டி அட்டையில் தாளை வைத்து, பாதத்தைத் தாளில் அழுத்துவதற்குப் பதில் அட்டையைப் பாதத்துக்குக் கொண்டுவந்து குதிகாலிலிருந்து விரல் பக்கம் ஒரே தடவை ஒற்றி எடுங்கள். அதே தாளில் இரண்டாம் முறை ஒற்றினால் கலங்கும். மை அதிகமானால் விரல்கள் ஒன்றாகிவிடும், அதனால் மூன்று நான்கு தாளில் எடுங்கள். மை குறையக் குறையத்தான் ரேகை தெளியும். போட்டோவுக்கு ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும். பெற்றவர்களின் விரலைப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்து ஒரு படம் எடுங்கள். தோல் நிறம் மாறியிருந்தால் கறுப்பு வெள்ளையில் மாற்றலாம். பெற்றவர்கள் இப்போது பார்க்க மறுத்தாலும் எடுத்து உறையிலிட்டு யாராவது பத்திரப்படுத்துங்கள். அவர்கள் அனுமதி இல்லாமல் வாட்ஸ்அப்பில் ஒரு ஆளுக்குக்கூட அனுப்பக் கூடாது.

கேள்வி: ஞானஸ்நானம் பெறாமல் இறந்த பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை, பூசையும் கிடையாது என்று ஊரில் சொல்கிறார்கள். உண்மையா? (முட்டம்)

பதில்: இல்லை. பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க எண்ணியிருந்து அதற்குள் இறந்த பிள்ளைக்கு அடக்கச் சடங்கு செய்ய ஆயர் அனுமதிக்கலாம் என்று கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 1183-ஆம் எண்ணின் இரண்டாம் பிரிவு சொல்கிறது. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று தனி அடக்கத் திருப்பலி செபங்களும் உள்ளன. இந்தப் பிள்ளைகளுக்கு மீட்பு உண்டு என்று நம்ப வலுவான காரணங்கள் இருப்பதாக 2007-ல் வத்திக்கானின் இறையியல் குழுவும் எழுதியது. ஊர்ப் பெரியவர்களிடம் வாதாட வேண்டாம், பங்குத்தந்தையிடம் நேராகப் போய் இந்தச் சட்ட எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: முந்திரி ஆலையில் வேலை. ஐந்தாம் மாதம் கரு கலைந்துவிட்டது. பத்து நாளில் வேலைக்கு வா, இல்லாவிட்டால் வேறு ஆளை எடுப்போம் என்கிறார்கள். (கருங்கல்)

பதில்: உங்களுக்கு ஆறு வாரம் சம்பளத்தோடு ஓய்வு உண்டு. 1961-ன் மகப்பேறு நலச் சட்டம் தந்த உரிமை இது, புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. தானாகக் கலைந்தாலும், சட்டப்படி மருத்துவர் கலைத்தாலும் ஒன்றுதான். 26-ஆம் வாரம் முடியும் வரை சட்டத்தின் கண்ணில் அது கருச்சிதைவு. அதற்குப் பிறகு பிள்ளை இறந்தே பிறந்தாலும் அது பிரசவம், முழு மகப்பேறு விடுப்பும் கிடைக்கும். இந்த ஒரு வித்தியாசத்தில் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். அதனால் ஆஸ்பத்திரிச் சான்றில் கர்ப்பம் எத்தனை வாரம், கலைந்த தேதி என்ன என்ற இரண்டும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். "அபார்ஷன்" என்ற ஒற்றைச் சொல் போதாது.

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்தால் பணம் ஆலையிடமிருந்து வராது, இ.எஸ்.ஐ. அலுவலகமே தரும். முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (ஒரு காலம் என்பது ஆறு மாதம்) 70 நாள் பங்களிப்பு இருக்க வேண்டும். இ.எஸ்.ஐ. இல்லையென்றால் முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருந்தால் ஆலை தர வேண்டும். அதன் பிறகும் உடல்நலம் சரியாகவில்லை என்று மருத்துவர் எழுதினால் இன்னும் ஒரு மாதம் வரை கிடைக்கும். இந்த விடுப்பில் இருப்பவரை நீக்குவது சட்டவிரோதம். விடுப்புக் கடிதத்தை இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் மனு கொடுங்கள்.

கேள்வி: ஏழாம் மாதத்தில் பிள்ளை இறந்தது. மனைவி ஸ்கூட்டரில் போனதுதான் காரணம் என்கிறார் அம்மா. பப்பாளி, கிரகணம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். உண்மைக் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? (தக்கலை)

பதில்: ஸ்கூட்டரில் சாதாரணமாகப் போய்வருவதால் பிள்ளை இறப்பதில்லை, கிரகணத்தாலும் இல்லை. முதல் மூன்று மாதத்தில் கலைவதில் பாதிக்கு மேல் குரோமோசோம் கோளாறால்தான். உங்கள் மனைவிக்கு நடந்தது போல ஏழாம் மாதத்தில் என்றால் தேட வேண்டியவை வேறு: பிரஷர், சர்க்கரை, நச்சுக்கொடி வேலை செய்யாமல் பிள்ளை வளராமை, நச்சுக்கொடி முன்பே பிரிதல், தொற்று, தொப்புள்கொடிச் சிக்கல், பிறவிக் குறை.

நச்சுக்கொடிப் பரிசோதனைதான் முதலில் செய்ய வேண்டியது, அதிகம் விட்டுப்போவதும் அதுவே. அதைப் பத்து சதவிகித ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டு நோய்க்கூறு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். குரோமோசோம் சோதனையும் வேண்டுமானால் அதற்கான துண்டை ஃபார்மலினில் போடுமுன் தனியாக எடுத்து சலைனில் வைக்க வேண்டும். முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் செல்கள் இறந்து அந்தச் சோதனைக்கு வழியில்லாமல் போகும். பிள்ளையின் பிரேதப் பரிசோதனை நிறையத் தகவல் தரும், சம்மதிப்பது உங்கள் விருப்பம். இதெல்லாம் கடந்துபோயிருந்தாலும் மனைவியின் இரத்தத்தில் பார்க்க வேண்டியவை இன்னும் இருக்கின்றன: மூன்று மாதச் சர்க்கரை அளவு, தைராய்டு, இரத்தம் உறைவதைத் தூண்டும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்பொருள். கடைசியாகச் சொன்னது ஒரு தடவை பாசிட்டிவ் வந்தால் போதாது, 12 வாரம் கழித்து மறுபடி பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். உறுதியானால் அடுத்த கர்ப்பத்தில் ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் பலன் தரும்.

எல்லாம் பார்த்தும் காரணம் தெரியாமல் போவதும் உண்டு. அப்போதும் அது அவள் தவறு ஆகாது. அம்மாவை அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கூட்டிப்போங்கள். மகன் சொன்னால் மனைவிக்குப் பரிந்து பேசுகிறான் என்று தோன்றும், மருத்துவர் வாயால் கேட்டால் வீட்டில் அந்தப் பேச்சு நிற்கும்.

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் இப்படிப் பிள்ளை இழந்தவர்கள் ஏழெட்டுப் பேர். அக்டோபர் 15 அன்று விளக்கேற்றி நினைவுகூரும் வழக்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டோம். இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் எல்லாரும் இருக்கிறோம். எப்படி நடத்துவது? (திங்கள்சந்தை)

பதில்: நல்ல காரியம், செய்யுங்கள். 1988-ல் அமெரிக்காவில் அக்டோபர் மாதத்தை இந்த இழப்புகளுக்கான மாதமாக அறிவித்தார்கள். பிறகு அக்டோபர் 15 நினைவு நாளானது. அந்தந்த நாட்டில் இரவு 7 மணிக்கு ஏற்றி ஒரு மணி நேரம் எரியவிடுவது வழக்கம்.

நம் மாவட்டத்தில் அந்தச் சமயம் மழை எப்போது வேண்டுமானாலும் வரும். மொட்டை மாடியோ கடற்கரையோ வேண்டாம், கூரையுள்ள சமுதாயக் கூடம் பாருங்கள். அகல் விளக்கு என்றால் புதிதாக வாங்கியதை முந்தின நாள் இரண்டு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து உலர்த்துங்கள். இல்லாவிட்டால் மண் எண்ணெயைக் குடித்து, பாதியில் அணையும். பிள்ளை பெயர் சொல்லி ஏற்றிய விளக்கு பாதியில் அணைந்தால் அந்தத் தாய் மனதில் என்ன ஓடும் என்று யோசித்துப் பாருங்கள். மணல் பரப்பிய தாம்பாளத்தில் விளக்குகளை வைத்து, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், எண்ணெய் ஊற்ற ஒருவர் பக்கத்திலேயே நிற்கட்டும். அகல் ஒரு மதத்துக்குரியதாகத் தோன்றினால் மெழுகுவர்த்தியும் வையுங்கள், அவரவர் விருப்பம்.

அழைப்பில் "கருவிலோ, பிறந்த பின்போ பிள்ளையை இழந்த யாரும்" என்று போடுங்கள், எத்தனை மாதம், எத்தனை வருடம் என்று வரம்பு வைக்காதீர்கள். நாற்பது வருடத்துக்கு முன் இழந்த பாட்டிமார்களும் வருவார்கள். அந்தக் காலத்தில் அவர்களைப் பேசவே விட்டிருக்க மாட்டார்கள். அப்பாக்களையும் பெயர் சொல்லி அழையுங்கள், துணைக்கு வந்தவர்களாகப் பின்வரிசையில் உட்கார வைக்க வேண்டாம்.

பெயர் வாசிப்பதுதான் நிகழ்ச்சியின் உயிர், தவறு நடப்பதும் அங்கேதான். வந்தவுடன் ஒரு சீட்டு கொடுத்து அவர்களையே எழுதச் சொல்லுங்கள். பெயர் வைக்காத பிள்ளை என்றால் "இன்னாரின் மகள்" என்றோ "எங்கள் பிள்ளை" என்றோ எழுதலாம். வாசிக்க வேண்டாம் என்று சொல்லவும் சீட்டில் இடம் விடுங்கள். வாசிப்பவர் முன்கூட்டியே ஒவ்வொருவரிடமும் உச்சரிப்பைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு பெயருக்கும் அடுத்ததற்கும் நடுவே, ஒருவர் எழுந்து போய் விளக்கேற்றித் திரும்பும் அளவு நேரம் விடுங்கள். முடிவில் சீட்டுகளை எண்ணிப் பாருங்கள், ஒரு பெயர் விட்டுப்போனாலும் அந்தக் குடும்பம் மறுபடி வராது.

மேடை, பொன்னாடை, பிளெக்ஸ், சிறப்பு விருந்தினர் உரை எதுவும் வேண்டாம். மதப் பிரசங்கமும் வேண்டாம், பெயர்கள் முடிந்ததும் ஐந்து நிமிட மௌனத்தில் அவரவர் செபமோ துவாவோ அவரவர் சொல்லிக்கொள்ளட்டும். போட்டோ, வீடியோ கூடாது என்று ஆரம்பத்திலேயே சொல்லுங்கள். முக்கால் மணி நேரம் போதும். பிறகு சுக்குக் காபி கொடுத்து அரை மணி நேரம் உட்கார விடுங்கள். பல பேர் வாய் திறப்பது அப்போதுதான். "உனக்கு ஒண்ணுதானே, எனக்கு மூணு" என்று ஒப்பிடும் பேச்சு எழுந்தால் மெதுவாக நிறுத்த ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள். "சின்னதிலேயே போனது நல்லது", "இன்னொண்ணு பிறக்கும்" போன்ற ஆறுதல்களும் அங்கே வரக் கூடாது.

பக்கத்தில் ஒரு தனி அறை வேண்டும், தாங்க முடியாதவரோடு பேசாமல் உட்கார ஒரு ஆள் வேண்டும். இரண்டு மூன்று நாள் கழித்து வந்தவர்களுக்குப் போன் செய்யுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ இல்லை, குற்ற உணர்வு விடவில்லை என்றால் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணைக் கொடுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை, இரவிலும் எடுப்பார்கள். "பிள்ளைகிட்ட போயிடணும்" என்று சொல்பவரை அந்த நேரம் முதல் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

கேள்வி: நாலு வயது மூத்தவள் "பாப்பா எங்கே" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். தூங்குது என்று சொல்லி வைத்திருக்கிறோம். (குலசேகரம்)

பதில்: தூங்குவதாகச் சொல்ல வேண்டாம், தானும் தூங்கினால் திரும்பமாட்டோமோ என்று பயப்படுவாள். ஆஸ்பத்திரியில் விட்டு வந்தோம் என்றாலும் அடுத்து நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அலறுவாள். "பாப்பா இறந்துட்டா. அவள் உடம்பு வேலை செய்யல. நீ ஒண்ணும் செய்யல, அம்மாவும் செய்யல" என்று சொல்லுங்கள். திரும்பத் திரும்பக் கேட்பாள், அதே வார்த்தைகளில் பதில் சொல்லுங்கள். தம்பி தங்கச்சி வேண்டாம் என்று எப்போதாவது சொல்லியிருந்தால், தன்னால்தான் என்று மனதில் வைத்திருக்கக்கூடும். அதையும் எடுத்துச் சொல்லித் தேற்றுங்கள்.

கேள்வி: பிள்ளை இறந்து மூன்று மாதமாகிறது. தடுப்பூசிக்கு வரச்சொல்லி இன்னும் போன் வருகிறது. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. (பூதப்பாண்டி)

பதில்: கர்ப்பப் பதிவு எண்ணில் பிரசவத்தின் முடிவு சரியாகப் பதிவாகாமல் இருக்கும். கிராம சுகாதார செவிலியரிடம் அந்த எண்ணைக் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். நீங்களே போக வேண்டாம், கணவரோ அக்காவோ போகட்டும். அங்கன்வாடியிலும் தனியாகச் சொல்ல வேண்டும், அவர்கள் பதிவேடு வேறு. பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரி, போனில் வைத்திருந்த கர்ப்பகால ஆப், பிள்ளைக்குத் துணி வாங்கிய கடையின் குறுஞ்செய்தி இவற்றையும் அன்றைக்கே வீட்டில் ஒருவர் உட்கார்ந்து நிறுத்திவிடலாம். ஆப்பை அழிக்குமுன் அதில் சேமித்த ஸ்கேன் படமும் குறிப்புகளும் இருந்தால் வேறு இடத்தில் எடுத்து வையுங்கள், கணக்கை மூடினால் திரும்பக் கிடைக்காது.